கொழும்புக்குப் பஸ் ஏறும் நாளில் எந்தக் கதீட்டர்?

2024 ஜனவரி 9

பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது: "கருப்பந்தைல மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து முதுகில் அடி. ஊன்றுகோலோடு நடக்கிறேன், ஆனால் சலம் (சிறுநீர்) தானாகப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கதீட்டர் குழாய் விட்டு எடுக்க ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள். இதுவரை பச்சை முனை உள்ள சாதா பிளாஸ்டிக் குழாய்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், உறையைப் பிரித்ததுமே வழுக்குகிற ஈரக் குழாய் கொஞ்சம் கொடுத்து, இனி இதுதான், பழையதைத் தூக்கிப் போடு என்கிறார். மாதக் கடைசியில் கொழும்புக்குப் போக வேண்டும். எது நல்லது? ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணே."

ஒன்றைச் சொல்ல மாட்டேன் தம்பி. எல்லா இடத்துக்கும் ஒன்று என்று தேடுவதால்தான் ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள். வீட்டில் தண்ணீர் இருக்கிறது, சவர்க்காரம் இருக்கிறது, கதவைச் சாத்தினால் யாரும் தட்டப்போவதில்லை. அங்கே சாதா குழாயும், வழுக்குவதற்கு அதில் பூசுகிற ஜெலியும் போதும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலோ ரயிலிலோ அப்படியா? கையில் ஊன்றுகோல், தோளில் பை, தரை ஈரம், பையை மாட்ட ஒரு ஆணி இல்லை. அங்கே ஜெலிக் குழாயின் மூடியைத் திறந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு நிற்கிற கூத்தை நான் ஆடியிருக்கிறேன். அந்த இடத்துக்குத்தான் ஈரக் குழாய். சொந்தக்காரர் கொடுத்ததைப் பயணத்துக்கு எடுத்து வையுங்கள், வீட்டில் செலவழித்துவிடாதீர்கள். பழையதைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். எனக்கு அடி கீழ் முதுகில். கைகள் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. கழுத்தில் அடிபட்டு விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது. அவர்கள் பிடிப்பதற்கு வளையமோ தடித்த கைப்பிடியோ உள்ளதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2024 ஜனவரி 10

கடையில் வாங்குவது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பார்மசியில் போய் வெறுமனே "கதீட்டர்" என்றால் ஃபோலியைத்தான் எடுத்துத் தருவார்கள். அது உள்ளேயே வைத்து பலூனை ஊதி நிறுத்துகிற குழாய், நமக்கு அது வேண்டாம். "நெலட்டன்" என்று கேளுங்கள், விட்டு எடுக்கிற சாதாக் குழாயின் பெயர் அதுதான். எனக்கு ஒரு கடையில் சளி இழுக்கும் குழாயைக் கொடுத்துவிட்டு, நிறம் சரிதானே என்று சண்டைக்கு வந்தார்கள். நிறம் சரிதான், அது போகிற வழிதான் வேறு!

2024 ஜனவரி 13

"பச்சைக்குப் பதிலாக வெள்ளை வாங்கினால் நோகாதா?" என்று கேட்கிறீர்கள். நிறம் என்பது பருமன்தான், வேறொன்றுமில்லை. உறையில் எஃப்.ஆர் அல்லது சி.எச் என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும். அதை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் வரும். 12 என்றால் 4 மில்லிமீட்டர், அது வெள்ளை. 14 பச்சை, 16 செம்மஞ்சள், 10 கறுப்பு. வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 12 அல்லது 14 போதும். மெல்லியதென்றால் நோகாது என்று நினைப்பது இயல்புதான், ஆனால் மெல்லிய குழாய் பாதி வழியில் வளைந்து நிற்கும், வடிவதற்கும் நேரம் எடுக்கும். வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வடிகிற நேரம் பெரிய விஷயம். எதற்கும் கிளினிக்கில் கேட்காமல் இலக்கத்தை மாற்ற வேண்டாம்.

நீளமும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 40 சென்ரிமீட்டர் அளவில், பெண்களுக்கு அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. அவசரத்தில் குட்டைக் குழாயை வாங்கிவந்து, ஒன்றும் வரவில்லையே என்று பயந்த ஆண்களும் இருக்கிறார்கள்.

2024 ஜனவரி 17

பொங்கலுக்கு நுவரெலியாவில் மச்சான் வீட்டில் இருந்தேன். அதனால் இந்தக் குளிர் விஷயம். இந்தக் குழாய்களைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் நம்முடைய ஜனவரிக் காலையை நினைத்து எழுதுவதில்லை. சாதா பிளாஸ்டிக் குழாய் குளிரில் விறைத்துவிடும். ராத்திரி ஜன்னல் ஓரம் வைத்ததை விடியற்காலையில் எடுத்தால் குச்சி மாதிரி இருக்கும், அதை அப்படியே விடுவது நல்லதல்ல. பயன்படுத்துவதற்குக் கால் மணி நேரம் முன்னால் உறையோடு சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இளகிவிடும். ஈரக் குழாய் என்றால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஐஸ் போலச் சுடும். அதையும் ஸ்வெட்டருக்குள் வைப்பதுதான் வழி.

அதே பிளாஸ்டிக் குழாய் கதிர்காமத்து வெயிலில் துவண்டு போகும், தள்ளினால் கையிலேயே மடங்கும். மலையில் விறைப்பு, கீழே துவட்சி. வெயிலில் நிற்கிற வேனுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் பையை வைக்காதீர்கள். சிலிக்கோன் குழாய் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், விலைதான் கூட.

குளிரில் சலமும் கூடுதலாக ஊறும். வீட்டில் ஐந்து மணி நேரம் தாங்குகிற சலப்பை அங்கே நாலு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதோடு விருந்து வீட்டில் வாசலுக்கு வாசல் சாயத்தண்ணி கொடுப்பார்கள், மறுக்கவும் முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது.

2024 ஜனவரி 18

ஜெலிக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்கிறீர்கள். இல்லை, வேண்டாம். வாசலினும் வேண்டாம். தண்ணீரில் கரையாத எதுவும் உள்ளே போனால் அங்கேயே தங்கும், சிவப்பு ரப்பர் குழாயாக இருந்தால் குழாயும் கெடும். தண்ணீரில் கரைகிற ஜெலி மட்டும்தான். உணர்ச்சி இல்லை, நோகவில்லை, ஆகையால் ஜெலி எதற்கு என்று கேட்டவருக்கு: நோகாவிட்டாலும் உள்தோல் உரசத்தான் செய்யும். தினமும் ஐந்து தடவை, வருடக்கணக்காக.

2024 ஜனவரி 24

நாளை பூசம், பௌர்ணமிப் போயா லீவு, ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. தம்பி பதுளைப் பக்கமிருந்து வருவதால் ரயிலைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

உடரட்ட மெனிக்கே ரயிலோ பொடி மெனிக்கே ரயிலோ, பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஒன்பது பத்து மணி நேரம். அப்படியென்றால் ரயிலுக்குள்ளேயே குறைந்தது இரண்டு தடவை எடுக்க வேண்டிவரும், தப்ப முடியாது. ரயில் மலசலகூடத்தில் ஒரு கை கம்பிக்கு, மற்றக் கை மட்டும்தான் வேலைக்கு. ஹட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் நடுவில் வளைவுக்கு மேல் வளைவு, அங்கே போய் முயற்சி செய்வது வீண் வீரம். ஏதாவது பெரிய ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதே உள்ளே போய் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொள்வேன். ஆனால் நிற்கிற வண்டியிலிருந்து தண்டவாளத்தில் கொட்டக்கூடாது, ஸ்டேஷனில் வேலை செய்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்துக்குத்தான் பையோடு சேர்ந்து வருகிற குழாய். குழாய், உறை, வடிகிற பை எல்லாம் ஒரே பொட்டலம். குழாயைத் தொடாமல் உறைக்குள்ளிருந்தே தள்ளலாம், கை அவ்வளவு சுத்தமாக இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். குறி பார்க்க வேண்டியதில்லை, கதவில் சாய்ந்து நின்றாலே போதும், பையில் வடிந்துவிடும், பிறகு மெதுவாக ஊற்றலாம். பையில் அளவுக் கோடு இருப்பதால் எவ்வளவு வந்தது என்றும் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது, மலசலகூட வாசலுக்குள் நாற்காலி நுழையுமா என்ற கேள்வியே இல்லை. பெரிய பொட்டலம், விலையும் அதிகம். அதனால் ஒரு பயணத்துக்கு ஒன்றிரண்டுதான் வைத்துக்கொள்வேன், மீதிக்கு ஈரக் குழாய்.

பஸ் வேறு கதை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக நாலைந்து மணி நேரம். ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் ஒன்று. ஏறும்போதே கொண்டக்டரிடம் "ஒப்பரேஷன் செய்த உடம்பு, கேட்டால் நிறுத்துங்கள்" என்றால் போதும். குழாய், முதுகெலும்பு, சிறுநீர்ப்பை என்று விளக்க ஆரம்பித்தால் முன்சீட்டில் இருக்கிற ஐயா கைமருந்து சொல்லத் தொடங்குவார்.

2024 ஜனவரி 25

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் கேட்கிறார், ஏன் இந்தப் பாடு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போனால் முடிந்துவிட்டதே என்று. எல்லோரும் செய்கிற காரியம் அதுதான். தோட்டத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் குழாயே இல்லாமலும் அதைத்தான் செய்கிறார்கள். நமக்கு அது ஆகாது. தண்ணீர் குறைந்தால் சலம் கெட்டியாகும், சலப்பையில் கிருமி தங்கும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் குழாய் போகிற வழியும் நெருக்கப்படும். பயணத்தன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு தடவை எடுக்கும்போது 500 மில்லிலீட்டரைத் தாண்டாமல் இருந்தால் கணக்குச் சரி. ஒரு நாள் அளந்து பாருங்கள், உங்கள் சலப்பை நிறைகிற வேகம் தெரிந்துவிடும்.

2024 பெப்ரவரி 2

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்: கழுவித் திரும்பப் பாவிக்கலாமா?

உறையைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் 2 என்று போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருக்கும். இரண்டாம் தடவை வேண்டாம் என்று அர்த்தம். செய்கிற கம்பெனி அப்படித்தான் சொல்லும், ஆஸ்பத்திரியிலும் புதிய உறை பிரித்துத்தான் பழக்குவார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதத்துக்கு 150 குழாய். 2024 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயாக இருந்த தோட்டத்து நாட்சம்பளத்தில், அதுவும் பேர் போட்டால்தான் (முழு நாள் வேலையாகப் பதிந்தால்தான்) சம்பளம் என்கிற வீட்டில், 150 குழாய் எங்கிருந்து வரும்? 2022இல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது காசு இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. கழுவிப் பாவிக்கிறவர்கள் இந்த நாட்டிலும் வெளியிலும் நிறையப் பேர். அவர்களைப் பயமுறுத்துவதில் பிரயோசனம் இல்லை, எது கழுவக்கூடியது, எது கூடாது என்று சொல்வதில்தான் பிரயோசனம்.

ஈரக் குழாயைக் கழுவவே கூடாது. மேலே பூசியிருக்கிற வழுக்கு ஒரு தடவைக்குத்தான், காய்ந்தால் பிசின் மாதிரி ஒட்டும், இழுக்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கும். பையோடு வருவதும் ஒரு தடவைதான். பூச்சு இல்லாத சாதாக் குழாயைத்தான் கழுவுகிறார்கள்: எடுத்த உடனே ஓடுகிற தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, சவர்க்காரம் போட்டு, திரும்ப நன்றாக அலசி, உதறி, தூசி படாத இடத்தில் முழுக்கக் காயவிட்டு, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வைப்பது. காய்வதுதான் முக்கியம். மழைக்காலத்தில் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) எதுவுமே காயாது என்பது நமக்குத் தெரியும், ஈரத்தோடு ஷொப்பிங் பேக்கில் சுருட்டி வைப்பதற்குப் பதிலாகக் கழுவாமலே எறியலாம். பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைக்காதீர்கள், கோணிப் போகும். சொரசொரப்பாக, மங்கலாக, விறைப்பாக மாறியது எதுவும் குப்பைக்கு. ஒருவருடையதை இன்னொருவர் தொடவே கூடாது. அடிக்கடி காய்ச்சல் வருகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வழிக்கே போக வேண்டாம், கிளினிக்கில் நிலைமையைச் சொல்லிக் குழாய்க்குக் கேளுங்கள். கேட்காமல் தருவதில்லை. அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் விசாரித்துப் பாருங்கள்.

2024 பெப்ரவரி 3

மேலே உள்ளதைப் படித்து ஒரு தாதி அக்கா கோபப்பட்டார். கிருமி நீக்கம் செய்யாத குழாயைப் பற்றிப் பேசுவதே தவறு என்றார். அக்கா, ஆஸ்பத்திரிக்குள் உங்கள் விதி சரி, அங்கே ஊர்ப்பட்ட கிருமி. வீட்டில் இதன் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் டொக்டர் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இப்படி விட்டு விட்டு எடுக்கும் முறையைச் செய்தபோது எல்லாம் கிருமி நீக்கிய முறையில்தான். 1972இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டொக்டர் ஜாக் லப்பிடிஸ், சுத்தமாக இருந்தாலே போதும், கிருமி நீக்கம் கட்டாயமில்லை என்று எழுதினார். சலப்பை மிதமிஞ்சி நிறைந்து அதன் சுவர் இழுபடுவதுதான் நோய்க்குப் பெரிய வாசல், ஒழுங்காகக் காலி செய்தால் உடம்பு கிருமியைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். வீட்டிலேயே தன் கையால் செய்கிற பழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. ஈரக் குழாய் இன்னும் பிந்தியது, 1983இல் சுவீடனில் லோஃப்ரிக் என்ற பெயரில் வந்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, நல்ல குழாயை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் அடக்குவதைவிடச் சாதாக் குழாயை நேரத்துக்கு விடுவது மேல். அக்கா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, "கையைக் கழுவச் சொல்லி எழுது" என்றார். எழுதிவிட்டேன். கையைக் கழுவுங்கள்.

2024 பெப்ரவரி 11

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார், தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர். இதுவரை நான் எழுதியதெல்லாம் ஆண்பிள்ளைக் கதை என்கிறார், நியாயம்தான். நான் பார்த்துத் தெரிந்தது குறைவு, என் பெரியம்மா மகளிடம் கேட்டு எழுதுகிறேன். அவளுக்குப் பல வருடப் பழக்கம்.

பெண்களுக்கு வழி குட்டை, அதனால் குழாயும் குட்டை, சிலது உதட்டுச் சாயக் குப்பி அளவில் வருகிறது, மார்புச் சட்டைக்குள்ளேயே வைக்கலாம். முதலில் சின்னக் கண்ணாடி வைத்துப் பழகி, பிறகு விரலால் தடவியே இடம் கண்டுபிடிக்கலாம். இடம் மாறி யோனிக்குள் போய்விட்டால் அந்தக் குழாயை அங்கேயே விட்டுவிட்டு, புதியதை அதற்கு மேலே விடச் சொல்கிறாள். விட்ட குழாய் வழிகாட்டியாக நிற்கும், பிறகு எடுத்து எறியலாம். குந்துகிற மலசலகூடத்தில் அவளுக்கு நீளமான குழாய்தான் வசதி, கால் நனையாமல் குழிக்குள் விழும்.

மலையில் என்ன செய்வது? மலசலகூடம் இல்லாத மலையில் தேயிலைச் செடி மறைவுதான், அட்டைக்கடி வேறு. இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து உதறித் திரும்பக் கட்டுவதற்குள் நிறை போடும் நேரம் வந்துவிடும். அவள் சொன்னது: காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு) போவதற்கு முன்னால் ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வரும்போது ஒன்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒன்று என்று நேரத்தைப் பொருத்திக்கொண்டால், மலையில் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வந்தால் பையோடு உள்ளது ஒன்று எப்போதும் கைவசம். கணக்கப்பிள்ளையிடம் எதையும் விளக்கத் தேவையில்லை, கிளினிக் துண்டைக் காட்டினால் போதும்.

2024 பெப்ரவரி 12

புரஸ்டேட் பெருத்த அப்பாமாருக்காகக் கேட்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். நேர்முனைக் குழாய் அங்கே முட்டி நிற்கும். முனை சற்று வளைந்த டீமன் வகை இருக்கிறது, வளைவு மேல் நோக்கி இருக்கும்படி விட வேண்டும், புனல் பக்கத்தில் அதற்கு அடையாளம் இருக்கும். இதைக் கிளினிக்கில் காட்டிப் பழக்கினால் மட்டும் செய்யுங்கள். எந்தக் குழாயானாலும் முட்டினால் இடித்துத் தள்ள வேண்டாம். நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டு, இருமிப் பார்த்து, மெதுவாக. சொட்டு இரத்தம் எப்போதாவது வரும். கட்டியாக வந்தால், அல்லது குழாய் போகவே இல்லையென்றால், வீட்டில் இருந்து பரீட்சை பார்க்கக் கூடாது.

2024 பெப்ரவரி 25

சிவனொளிபாதமலை ஏறலாமா என்று தம்பி கேட்கிறார்! ஊன்றுகோலோடு முழுக்க ஏறுவதை நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் பிசியோ மிஸ் சொல்ல வேண்டிய விஷயம். குழாய்ப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நல்லதண்ணியிலிருந்து ராத்திரியில் ஏறுகிறவர்களுக்கு மூன்று நாலு மணி நேரம், கூட்டம் என்றால் இன்னும் அதிகம். அடிவாரத்தில் எடுத்துவிட்டு ஏறுங்கள். வழியில் தேநீர்க் கடைப் பக்கங்களில் இடம் கிடைக்கும், மேலே போகப் போகக் குறையும், உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கிற கூட்டத்தில் நகரவே முடியாது. அதனால் உச்சிக்குப் போகும் முன் ஒன்று. நெற்றியில் கட்டுகிற டோர்ச் வைத்திருங்கள், கையில் டோர்ச் பிடித்தால் குழாயை எந்தக் கையால் பிடிப்பது? ஈரக் குழாய் உடம்போடு. பாவித்ததைச் சுருட்டிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். மலையில் எறியக்கூடாது, மலசலகூடக் குழிக்குள்ளும் போடக்கூடாது, அடைத்துக்கொள்ளும்.

2024 மார்ச் 6

சலம் கலங்கலாக இருக்கிறது, மணக்கிறது, மருந்து வாங்கவா என்று மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். குழாய் பாவிக்கிறவர்களின் சலத்தில் கிருமி இருப்பது சாதாரணம். நோக்குறி ஒன்றும் இல்லையென்றால் அதற்காக மட்டும் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. முதலில் தண்ணீரைக் கூட்டுங்கள். காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க நோவு, இடையில் திடீர் ஒழுகல், இவை வந்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக்கூடாது.

நெஞ்சு மட்டத்திலும் அதற்கு மேலும் அடிபட்டவர்கள், டொக்டர்கள் டி 6 என்று சொல்கிற எலும்புக்கணக்கு, இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பஸ்ஸில் சலப்பை நிறைந்து, திடீரென்று மண்டை இடித்து, முகம் சிவந்து வியர்த்தால் அது இரத்த அழுத்தம் ஏறுவது. நிமிர்ந்து உட்கார வைத்து உடனே குழாய் விட வேண்டும். குறையவில்லையென்றால் நேரே ஆஸ்பத்திரி. கூடப் போகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தலையிடி என்று பெனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

2024 மார்ச் 19

திருச்சிக்கு விமானத்தில் போகிறவருக்குச் சுருக்கமாக: குழாய் எல்லாம் கைப்பையில், பெரிய பெட்டியில் போட்டால் பெட்டி எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும். ஜெலி 100 மில்லிலீட்டருக்குக் குறைந்த சின்னக் குழாயாக. கிளினிக்கில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், சோதிக்கிற இடத்தில் கேட்டால் காட்ட. நடைபாதைப் பக்கத்து இருக்கை. போய் வரும் நாட்களுக்கு எவ்வளவு தேவையோ அதைவிடக் கொஞ்சம் கூடவே எடுங்கள், அங்கே அதே வகை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

2024 ஏப்ரல் 17

வருடப் பிறப்புக்கு வந்த பண்டாரவளைத் தம்பியின் செய்தி: கொழும்புக்கு ரயிலில் போய் வந்துவிட்டார், ஈரக் குழாய் போகும்போதே தீர்ந்துவிட்டது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் முன்னால் பெருமைக்கு வீட்டிலேயே கொஞ்சம் பாவித்துவிட்டாராம். திரும்பி வரும்போது சாதாக் குழாயும் ஜெலியும்தான். "கஷ்டம்தான், ஆனால் நடந்தது" என்கிறார். நான் வாயில் கவ்விய ஜெலி மூடியை அவர் சட்டைப் பையில் போட்டாராம், அது நல்ல யோசனை.

இப்போது அவர் கேட்பது, வேலை கிடைத்தால் ஒபிஸ் மலசலகூடத்தில் என்ன செய்வது என்று. மேசை இழுப்பறையில் ஒரு வாரத்துக்கு வையுங்கள், பூட்டுள்ள இழுப்பறையாகக் கேளுங்கள். ஒபிஸில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கும், ஆகவே வீட்டுக் கணக்குத்தான், சாதாக் குழாய் போதும். ஈரக் குழாய் கிடைத்தால் மாதக் கடைசியில் ஊருக்கு வரும் ரயிலுக்கு வையுங்கள்.